பக்கத்துக் கட்டம்

என் தோழி எழுதியிருந்தபடி பார்த்தால் அந்த மூன்று புள்ளிகள் சாகக் கூடாது. என்னிடம் வந்ததும் செத்துப்போயின. ஒரு தடவை அல்ல, பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவளைத் திட்டிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

தோழி என்றால், கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் சோப்பையும் என் சீப்பையும் கூசாமல் எடுத்துப் பயன்படுத்தியவள். கல்யாணம் ஆகி அமெரிக்கா போய்விட்டாள். அவள் கணவர் அங்கே கணக்கில் ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டு, வாடகை அறையில் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு தடவை அவளிடமிருந்து நீல நிற ஏரோகிராம் வரும். ஓரமெல்லாம் எழுதி, மடிப்பிலும் எழுதி, நான் பிரிக்கும்போது கிழிகிற இடத்தில்தான் முக்கியமான விஷயத்தை எழுதியிருப்பாள்.

அந்தத் தடவை ஒரு விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தாள். எதிரில் உட்கார்ந்து ஆட ஆள் வேண்டாம். கட்டம் போட்ட தாள் போதும். ஒவ்வொரு கட்டமும் உயிரோடு இருக்கும், அல்லது காலியாக இருக்கும். உயிருள்ள கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டங்களில் இரண்டோ மூன்றோ உயிரோடு இருந்தால் அது பிழைக்கும். குறைந்தால் தனிமையில் சாகும், கூடினால் நெரிசலில் சாகும். காலிக் கட்டத்துக்குப் பக்கத்தில் சரியாக மூன்று உயிர் இருந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறக்கும். எல்லாக் கட்டமும் ஒரே சமயத்தில் மாற வேண்டும், அது ஒரு சுற்று. "மூன்று புள்ளியை வரிசையாகப் படுக்க வை. அடுத்த சுற்றில் எழுந்து நிற்கும். அதற்கடுத்த சுற்றில் திரும்பப் படுக்கும். உலகம் உள்ளவரை நின்றும் படுத்தும் ஆடிக்கொண்டே இருக்கும். பார்த்துவிட்டு எழுது" என்று முடித்திருந்தாள்.

பார்த்தேன். நடுப்புள்ளிக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்ததால் பிழைத்தது. ஓரத்துப் புள்ளிகளுக்கு ஆளுக்கு ஒரு துணைதான், இரண்டும் செத்தன. அடுத்த சுற்றில் நடுவில் தனியாக நின்ற புள்ளியும் போனது. எங்கேயும் எதுவும் பிறக்கவில்லை. எழுந்து நிற்பதாவது? எனக்கு மண்டை காய்ந்தது. பட்டம் வாங்கிய கணக்கு வாத்தியாருக்கு மூன்று வரை எண்ணத் தெரியவில்லை என்றால் வெளியே சொல்ல முடியுமா? துறைத் தலைவர் ஒருநாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "எம்ப்ராய்டரி டிசைனாம்மா? எங்க வீட்டுலயும் இப்படித்தான் பொழுதுக்கும் கட்டம் போட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டேன்.

திட்டி எழுதிய கடிதத்துக்கு ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. "நீ எண்ணத் தெரியாதவள்" என்று ஒரே வரியில் என்னை முடித்துவிட்டு, இன்னொரு சட்டத்தைச் சொன்னாள். இது இன்னும் விசித்திரம். பக்கத்துக் கட்டங்களில் உயிர் ஒற்றைப்படையில் இருந்தால் அந்தக் கட்டம் அடுத்த சுற்றில் உயிரோடு இருக்கும், இரட்டைப்படை என்றால் காலி. எந்த உருவத்தை வேண்டுமானாலும் வைக்கலாமாம். சில சுற்றுக்கு எல்லாம் குப்பையாகக் கலையும். பிறகு திடீரென்று அந்த உருவமே தன்னைப் போல எட்டு உருவங்களைச் சுற்றிலும் நிறுத்தியிருக்கும். யாரும் சொல்லித்தராமலே தன்னைத் தானே நகல் எடுத்துக்கொள்ளும்.

நான் 'ட' என்ற எழுத்தை வைத்தேன். நேர்க்கோடும் படுக்கைக்கோடுமாக, கட்டத்துக்கென்றே பிறந்த எழுத்து அது, ஐந்து புள்ளியில் அடங்கிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று வரை ஒரே குப்பை. நாலாவது சுற்றில் குப்பை விலகியது. மேலே ஒரு ட, கீழே ஒரு ட, இடமும் வலமும் ஒவ்வொரு ட. பிசிறு இல்லாமல் நாலு. நடுவில் நான் முதலில் போட்ட ட இருந்த இடம் துடைத்தது போலக் காலி. சந்தோஷத்தில் ஸ்டவ்வின் மேல் இருந்த பாலை மறந்துவிட்டேன், அது பொங்கி வழிந்து அறையெல்லாம் தீய்ந்த நாற்றம். ஆனால் அவள் எட்டு என்று எழுதியிருந்தாள். எனக்கு நாலுதான் வந்தது. மீதி நாலு எங்கே போயிற்று? விமானத்தில் வரும்போது விழுந்துவிட்டதா?

இந்தக் குழப்பத்தோடுதான் சனிக்கிழமைகளில் திருவாரூர் பஸ் பிடித்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே இதைவிடப் பெரிய குழப்பம் காத்திருந்தது.

அப்பா நாலு மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேலே வரும். என்னைப் படிக்க வைத்தது அந்த நாலு மாதான். நிலத்துக்காரர் கும்பகோணத்தில் இருந்தார். எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஆட்சி மாறி, சுவரெல்லாம் கறுப்பு சிவப்பாகி, உழுகிறவன் பெயரைக் குத்தகைதாரர் என்று பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு யாரும் லேசில் இறக்க முடியாது. அப்பா மனுப் போட்டார். நிலத்துக்காரர், "அது என் சொந்தப் பண்ணை. அவர் என்னிடம் கூலிக்கு வேலை பார்த்தவர்" என்று எழுதிக்கொடுத்துவிட்டார். பெயர் ஏறாவிட்டால் அடுத்த சாகுபடிக்கு அப்பா வயலில் கால் வைக்க முடியாது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, வேறு தொழில் தெரியாது.

பதிவுத் தாசில்தார் விசாரணைக்குச் செக்குபந்திக்காரர்களைக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் நிலத்துக்கு நாலு எல்லை எழுதுவார்கள், வடக்கே இன்னார் நிலம், கிழக்கே இன்னார் நிலம் என்று. அதுதான் செக்குபந்தி. வடக்கு வயல் நிலத்துக்காரரின் தம்பியுடையது. தெற்கு, மேற்கு இரண்டும் மைத்துனர்களுடையது. கிழக்கு வயல்காரர் நிலத்துக்காரரிடம் பெண் எடுத்தவர். நாலு பேரும் போய் வரிசையாக நின்று, "யாரு உழுதாங்கன்னு நாங்க கவனிக்கலைங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

"இருவத்திரண்டு வருஷம்மா. வரப்புக்கு அந்தாண்ட நின்னு வெத்தல குடுத்து வாங்குனவனுங்க. என்னையக் கவனிக்கலையாம்" என்று அப்பா சொன்னார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்த வாரம் கல்லூரியில் பரீட்சை. பெரிய ஹாலில் மேற்பார்வைக்குப் போட்டிருந்தார்கள். காப்பி அடிப்பதைத் தடுக்க எங்கள் கல்லூரியில் ஓர் ஏற்பாடு உண்டு. இயற்பியல், வரலாறு, இயற்பியல், வரலாறு என்று மாற்றி மாற்றி உட்கார வைப்பார்கள். முன்னே பின்னே, இடம் வலம் எங்கே திரும்பினாலும் வேறு பாடம்தான் இருக்கும். அந்தத் தைரியத்தில் நான் மேசையில் கிராப் தாளை விரித்து, செத்த புள்ளிகளோடு போராடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கழுத்தைச் சாய்த்து யாருடைய தாளையோ பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்து போனேன்.

"என்ன பண்ற?"

"நான் பக்கத்துல பாக்கல மேடம். சத்தியமா. பக்கத்துல எல்லாம் ஹிஸ்டரி மேடம்" என்றாள், கண்ணில் தண்ணீரோடு.

அவள் சொன்னது உண்மைதான். நாலு பக்கமும் வரலாறு. அவள் பார்த்தது மூலையில், அவளுக்கு முந்தின வரிசையில் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்திருந்த பெண்ணை. இயற்பியலுக்கு மூலைக்கு மூலை இயற்பியல்தான் வரும். அந்த ஏற்பாட்டைச் செய்த நாங்கள் யாரும் மூலையை ஒரு பக்கமாக நினைக்கவே இல்லை.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பயத்தோடு பார்த்தாள். எனக்குப் பிறந்ததிலிருந்து பக்கத்து வயல் என்றால் ஒரே வரப்பைப் பகிர்ந்துகொள்கிற வயல். அது நாலுதான் இருக்க முடியும். மூலையில் தொடுகிற வயலை எங்கள் ஊரில் யாரும் பக்கத்து வயல் என்று சொல்லமாட்டார்கள், பத்திரத்தில் எழுதவும் மாட்டார்கள். தோழி தஞ்சாவூர் டவுன்காரி. வரப்பையே பார்க்காதவள். அவள் பக்கத்துக் கட்டம் என்றது எட்டு, நான் எண்ணியது நாலு. மேசைக்கு ஓடிப் போய் எண்ணினேன். நடுப்புள்ளிக்கு மேலே இருந்த காலிக் கட்டத்துக்குக் கீழே ஒன்று, கீழ் மூலைகளில் இரண்டு, ஆக மூன்று. பிறந்தது. கீழேயும் அப்படியே பிறந்தது. மூன்று புள்ளியும் எழுந்து நின்றன. அடுத்த சுற்றில் படுத்தன. சிரிப்பு வந்துவிட்டது. ஹாலே நிமிர்ந்து பார்த்தது. காப்பி அடித்த பெண்ணைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தேன், புகார் எழுத மறந்தேபோனேன்.

சிரிப்பு பஸ் ஏறும் வரைதான் இருந்தது. அம்மாப்பேட்டை தாண்டும்போது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வயலுக்கு மூலையில் யார்?

தெரியும். வடகிழக்கு மூலையில் அரை மா துண்டு ஒன்று, தண்ணீர் தேங்கும் பள்ளம். அதையும் அதே நிலத்துக்காரர் வாய்ப்பேச்சாக ஒருவருக்கு விட்டிருந்தார். வாய்க்காலுக்கு அந்தப்புறத்துத் தெருக்காரர். மற்ற நாளெல்லாம் கூலி வேலை, விடிவதற்கு முன் அந்த அரை மா. இரண்டு அறுவடைக்கு முன்னால் கூலி நெல்லை உயர்த்தச் சொல்லி ஆட்கள் வேலையை நிறுத்தியபோது செங்கொடி பிடித்து முன்னால் நின்றவர் அவர். எங்கள் கதிர் மூன்று நாள் மழையில் சாய்ந்து கிடந்தது. அன்றிலிருந்து அப்பா அவரிடம் பேசுவதில்லை.

"அவன் எப்படிப் பக்கத்து வயல்காரன் ஆவான்?" என்றார் அப்பா.

"மூலைல தொடுதுல்லப்பா."

"மூலைய எவன் எழுதுறான்? அதுவும் போயும் போயும் அவன்கிட்ட..." முடிக்காமல் துண்டை உதறினார்.

அவரிடம் சொல்லாமல் நான் போனேன். அந்தத் தெருவுக்குள் அதற்கு முன் நான் போனதில்லை என்பதை இன்றைக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. அவரை என்னவென்று கூப்பிடுவது என்பதே தெரியவில்லை. எங்கள் வீட்டில் அவரை வா, போ என்றுதான் சொல்வார்கள், அவருக்கு அப்பா வயது. நான் "வணக்கங்க" என்றேன். அவர் பதறி எழுந்து நின்றார். நின்றபடியே நான் உளறிக்கொட்டினேன். கிராப் தாள், எட்டுக் கட்டம், மூலையும் பக்கம்தான் என்று ஏதேதோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டு பேரும் இருவது வருஷத்துக்கு மேல ஒரே முக்குல நின்னு உழுதிருக்கோம், டீச்சரம்மா. என்னைய யாரும் கேக்கல. கேட்டா சொல்லமாட்டேனா?" என்றார். பிறகு, "எனக்கும் அதே நிலத்துக்காரருதான்" என்று ஒரு தடவை சொன்னார். அதன் அர்த்தம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் கேட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

விசாரணையன்று தாசில்தார் அவரிடம், "நீங்க எந்த எல்லை?" என்று கேட்டார்.

"எல்லை இல்லீங்க. மூலைங்க."

குமாஸ்தா சிரித்தார். நிலத்துக்காரரின் காரியக்காரர், செக்குபந்தியில் இல்லாதவர் எப்படிச் சாட்சி சொல்லலாம் என்று குறுக்கே விழுந்தார். தாசில்தார் நிலப்படத்தைத் திருப்பிப் பார்த்து, வடகிழக்கு மூலையில் விரலை வைத்தார். "சர்வே கல்லே இங்கதானய்யா இருக்கு. கல்லுக்குப் பக்கத்துல நிக்கிறவருக்குத் தெரியாதது வேற யாருக்குத் தெரியும்? நீங்க சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னார். "பெரிய வெள்ளம் வந்த வருஷம் அய்யா வரப்பு முக்குல உடைஞ்சு தண்ணி பூரா என் வயல்ல பாஞ்சுது. நாத்து அழுகிடுச்சு. நான் வாயில வந்தபடி பேசிட்டேன், அய்யா மம்பட்டிய ஓங்கிட்டாரு. பொறவு அவருதான் மண்ணு வெட்டிக் கட்டுனாரு. நிலத்துக்காரரு வந்து கட்டலீங்க. உழுகாதவருகூட நான் எதுக்குங்க சண்டை போடப் போறேன்?" எந்த வருடம் என்ன விதை, எந்த வருடம் ஒரு மாடு செத்து ஒற்றை மாட்டோடு அப்பா திண்டாடினார், எல்லாம் வந்தது. அப்பா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மாதத்தில் அப்பா பெயர் பதிவேட்டில் ஏறியது. உத்தரவுக் காகிதத்தை அவர் டிரங்குப் பெட்டியில் வைத்து, பூட்டி, திறந்து பார்த்து, மறுபடி பூட்டினார். நான் தோழிக்கு எழுதினேன், புள்ளிகள் ஆடுகின்றன என்று. "கழுதை, நான் அப்போதே சொன்னேனே" என்று பதில் வந்தது. இப்போது ட எட்டாக வந்தது. வீடு, மேசை, இரவல் வாங்கிய புத்தகத்தின் பின்னட்டை என்று எங்கே பார்த்தாலும் ட.

சம்பா விதைப்புக்கு முன்னால் அந்த அரை மாவில் இறங்கக் கூடாது என்று காரியக்காரர் அந்த மனிதரிடம் சொல்லிவிட்டார். அவரும் பதிவுக்கு மனுப் போட்டார். அவருக்கும் செக்குபந்திக்காரர்களைக் கூப்பிட்டார்கள், அவர்களும் கவனிக்கவில்லை என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எங்கள் வாசலில் வைக்கோல் போர் அருகே வந்து நின்றார். நான் உள்ளே ஜன்னலோரம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"வியாழக்கிழமை விசாரணைங்கய்யா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

முந்தைய நாள் காரியக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்துபோனது எனக்குத் தெரியும். அப்பாவின் பதிவை எதிர்த்து மேல்முறையீடு செய்வதாக இருந்தார்களாம். அப்பா வாயை மூடிக்கொண்டிருந்தால் செய்யமாட்டார்களாம். காரியக்காரர் குரலை உயர்த்தாமல் காபி குடித்தபடிதான் பேசினார்.

"உன் நாலெல்லையில நான் எங்கப்பா வர்றேன்?" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. மிக மெதுவாகச் சொன்னார்.

"மூலையில வர்றீங்கய்யா."

அப்பா எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தார். அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, நீங்கதான வந்து சொன்னீங்க, மூலையும் பக்கம்தான்னு?"

அப்பா என்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஒரு பக்கம் டிரங்குப் பெட்டி, ஒரு பக்கம் அந்த மனிதரின் முகம். எது நியாயம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. நான் என்ன செய்வேன் என்பதில்தான் குழப்பம். "நாளைக்குத் தாலுக்கா ஆபீஸ்ல விசாரிச்சுட்டுச் சொல்றேங்க" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். நம்பித்தான் போனார் என்று நினைக்கிறேன், அதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை நான் போகவில்லை. காய்ச்சல் இல்லை, வகுப்பும் இல்லை. அறையில் உட்கார்ந்து கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை அப்பாவும் போகவில்லை. அந்த மனிதரின் மனு தள்ளுபடியாகிவிட்டது என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

அந்தத் துண்டு ஒரு போகம் தரிசாகக் கிடந்தது. பிறகு நிலத்துக்காரர் அதை அப்பாவுக்கே விட்டார், இந்தத் தடவை முத்திரைத்தாளில் எழுதி. அப்பா வாங்கிக்கொண்டார். ஏன்ப்பா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "நான் உழலேன்னா வேற ஒருத்தன் உழப்போறான்" என்றார். அந்த மனிதர் குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

தையில் அறுவடையாகிப் புது நெல் வந்தது. நாலு மா நெல்லும் அரை மா நெல்லும் ஒரே குதிரில்தான் கொட்டப்பட்டன. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா புது அரிசிச் சோறு போட்டாள். பசித்தது, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.